அட்டை கடித்த விரல்

தச்சருக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். பட்டறையில் அவரோடு தச்சுவேலை செய்யும் மனைவியின் தம்பிக்கும் தெரியும். தெரிந்தும் அவன் வாயை அடக்கவில்லை பாருங்கள், வினையே அங்கேதான். தச்சர் ஒரு கதவை அரை அங்குலம் குறைத்து அறுத்துவிட்டார். வாங்க வந்தவர் எதிரிலேயே, மாமாவுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு என்று அவன் சிரித்தான். தச்சர் அறைந்தார். அவன் சுத்தியலை ஓங்கினான். கண்மண் தெரியாமல், பலகையில் ஊன்றியிருந்த அவனுடைய இடது கைமேல் அகல உளியை இறக்கினார் தச்சர்.

கட்டைவிரல் மரத்தூளில் போய் விழுந்தது. வெட்டியவரே மண்டியிட்டு, தூளை அளைந்து அளைந்து அதைத் தேடி எடுத்தார். உளியைப் பிடிக்கும் கை போனால் தச்சனுக்கு அப்புறம் என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் விரலை ஒட்டித் தைத்தார்கள். மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"விரல் பொழைச்சா வீட்டுக்கு வாங்க. இல்லேன்னா என் முகத்துல முழிக்காதீங்க."

மூன்றாம் நாள் விரல் வீங்கிக் கறுத்தது. உள்ளே போகும் ரத்தம் திரும்பி வர வழியில்லை, அட்டை விட்டு உறிஞ்ச வைக்கலாம் என்றார் டாக்டர். அட்டை கடிப்பது வலிக்காது, ஆனால் ரத்தமே ஓடாத விரலை அது கடிக்கவும் கடிக்காது என்றும் சொன்னார்.

நர்ஸ் விட்ட முதல் அட்டை விரலை முகர்ந்துவிட்டு நழுவியது. இரண்டாவதை விட்டு, நகராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இன்னொன்று எடுக்கப் போனாள். தச்சர் தன் கட்டைவிரலால் அட்டையை அந்த விரல்மேல் அணைத்துப் பிடித்தார். கடித்துத் தொலையேன் என்று அந்தப் புழுவிடம் கெஞ்சினார், யாரிடமும் தலை வணங்காத மனுஷன்.

அட்டை உப்பத் தொடங்கியது. சந்தோஷத்தில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கடித்துவிட்டது, விரல் பிழைத்துவிட்டது என்று வாசலில் நின்ற மனைவியைக் கூப்பிட்டார்.

மைத்துனன் குனிந்து பார்த்தான்.

"அது உங்க விரலைக் கடிச்சிருக்கு, மாமா."

தச்சர் அட்டையைப் பிய்த்து எறிந்தார். அவர் விரலிலிருந்து ரத்தம் நிற்காமல் வழிந்து படுக்கையை நனைத்தது. பக்கத்திலேயே அவன் விரல் கரிக்கட்டையாகக் கிடந்தது.

மைத்துனன் வலது கையால் அவருடைய கட்டைவிரலைப் பற்றிப் பின்பக்கமாக மடக்கினான். ரத்தத்தில் பிடி வழுக்கியது. மறுபடி இறுக்கிப் பிடித்து மடக்கினான். தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார், கையை மட்டும் இழுக்கவில்லை. எலும்பு மளுக்கென்றது. அவன் விடவில்லை.

நர்ஸ் மூன்றாவது அட்டையோடு வந்தாள். மனைவி வாசலை மறித்துக்கொண்டாள்.

"இனிமே அது வேண்டாம்மா. கொஞ்சம் பொறுத்து வாங்க," என்றாள்.