லுக்கிச்சின் மாவு

மொத்ரியா ஸ்டெபானிவ்னா உக்ரைனில் ஒரு சிற்றூரில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். ஊரில் மூன்று ரொட்டிக்கடை இருக்க, மில் முதலாளி லுக்கிச் அவளையா பிடிக்க வேண்டும்? நாளை கீவிலிருந்து அதிகாரி மில்லைச் சோதிக்க வருகிறார், வழக்கப்படி மில் வாசலில் ரொட்டியும் உப்பும் நீட்டி வரவேற்க வேண்டும், ரொட்டி உன் பொறுப்பு என்று சொல்லி, பால்போல் வெளுத்த மாவு ஒரு மூட்டையும் அனுப்பியிருந்தான்.

அந்த அதிகாரியை வரவழைத்ததே அவள் எழுதிய புகார்தான். மாவட்டத்துக்கே ஒரே மில். சர்க்கார் மில்லாக இருந்தது, சோவியத் போனபின் லுக்கிச்சின் கைக்குப் போனது. இனி யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே! பக்கத்து மாவட்டத்திலிருந்து மாவு வரவழைத்தாள். லாரியின் டயர் ஆறும் கிழிபட்டுக் கிடந்தன. அப்புறம் எந்த லாரிக்காரனும் வரத் துணியவில்லை. மறுபடி லுக்கிச்சிடமே போய், மண் கலந்த சாம்பல் நிற மாவை இரட்டை விலைக்கு வாங்கினாள். பெயர் போடாத புகாரை யாரும் படிக்க மாட்டார்களாம். எழுதும்போது தன் பெயரையே போட்டுத் தொலைத்தாள். அந்தப் பெயர் அவன் காதுக்கு எட்டிவிட்டதா என்பதுதான் தெரியவில்லை.

வெள்ளை மாவு மூட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் சுட்டால் அதிகாரி சப்புக்கொட்டிவிட்டுப் போவார், மில்லுக்கு நற்சான்றிதழ் கிடைக்கும். கடைசியில், தினமும் அவனிடம் வாங்கும் சாம்பல் நிற மாவிலேயே பிசைந்தாள். மேலே மாவிலேயே பூ வைத்து, முட்டை தடவி, பளபளவென்று சுட்டெடுத்தாள். பைத்தியக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

காலையில் பூத்தையல் துண்டில் ரொட்டியை ஏந்தி மில் வாசலில் நின்றாள். அதிகாரி ஒரு துணுக்கைப் பிய்த்தார், உப்பில் தொட்டார், மரியாதைக்கு வாயில் போட்டு அப்படியே விழுங்கினார். நன்றாக இருக்கிறதம்மா என்று சொல்லிவிட்டுப் படியேறினார். அவ்வளவுதானா! அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்துப் பிய்த்தவன் லுக்கிச். மென்றான். சட்டென்று நிறுத்தினான். தன் மாவு அவனுக்குத் தெரியாதா?

"ஸ்டெபானிவ்னா," என்றான், சிரித்த முகம் மாறாமல், அவள் காதருகில். "நான் அனுப்புன மாவு எங்க?"

எலி கடித்துவிட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"கடையில பத்திரமா இருக்கு, லுக்கிச். இது நீங்க எங்களுக்கு விக்கிற மாவு. வாங்க வேற மில்லுதான் இல்லையே." நினைத்ததைவிடக் குரல் உரக்க வந்துவிட்டது.

அதிகாரி படியிலேயே நின்றார். இறங்கி வந்து, இந்த முறை பெரிய துண்டாகப் பிய்த்து மென்றார். பல்லில் மண் நறநறவென்று அரைபடுவது அவளுக்கும் கேட்டது. லுக்கிச் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அதைப் பார்க்கப் பயந்து, அவள் ரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.