கேல் என்றால் எவ்வளவு காற்று

உச்சியக்கா கிரேனை நிறுத்திவிட்டு இறங்கி வருகிறாள் என்று தெரிந்ததும் இன்ஜினீயருக்குக் கோபம் தலைக்கேறியது. நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து இரும்பையும் கண்ணாடியையும் தூக்கி வைக்கிறவளை அந்தக் கட்டட வேலையில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாக்கிடாக்கியில் அவர் போட்ட சத்தம் அவள் இடுப்பில் தொங்கியபடி ஏணி முழுக்கக் கூடவே இறங்கியது.

"இன்னும் ஒரே ஒரு லோடும்மா! கண்ணாடி ஏறிட்டா இன்னைக்கு வேலை முடிஞ்சுது. இப்ப இறங்கினீங்கன்னா நாளைக்கு ஏறவே வேணாம், சொல்லிட்டேன்!"

ஆறு வருஷம் ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்து, லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை பிடித்த இருக்கை அது. அதே கட்டடத்தில் வெல்டரான அவள் புருஷன், "என் பொண்டாட்டி எனக்கு மேல உக்காந்திருக்கா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். அது போய்விடுமே என்று பயந்தாள். ஆனால் கண்ணாடி போய் இறங்குகிற மேல்மாடியில் எட்டுப் பேர் நிற்கிறார்களே! பயந்துகொண்டே இறங்கினாள்.

காற்றின் வேகம் காட்டுகிற மீட்டர் செத்து மூன்று நாளாகிறது. எழுதிக் கொடுத்தாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்கள், என்னத்தைப் பார்த்தார்களோ! மிச்சம் இருந்தது விதிப்புத்தகத்தில் ஒரு வரி. 'கேல்' என்கிற காற்று அடித்தால் கிரேனை நிறுத்த வேண்டும்.

ஆபீஸ் ஷெட்டின் மறைவில் நின்று இன்ஜினீயர் அவளை மடக்கினார். "கேல்னா என்னன்னு தெரியுமா? புயல்! மரத்தை வேரோட பிடுங்கணும். இங்க எந்த மரம் விழுந்துச்சு?"

"மரத்தைப் பிடுங்கறது ஸ்டார்ம் சார். கேல் அதுக்கு முந்தியே தொடங்கிடும். மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர்."

"மீட்டரே ஓடலை. அறுபத்திரண்டுன்னு ஜோசியம் பாத்தீங்களா?"

கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிற சிக்னல்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அவள் அசரவில்லை.

"மீட்டர் வர்றதுக்கு முன்னாடியும் காத்து அடிச்சுது சார். கப்பல்காரங்க அடையாளம் எழுதி வெச்சிருக்காங்க. தூசியும் காகிதமும் பறந்தா மிதமான காத்து. குடை பிடிக்க முடியலைன்னா பலத்த காத்து. சின்னக் கொப்பு முறிஞ்சு, எதிர்த்து நடக்கவே திண்டாடினா அதுதான் கேல். சந்தேகமா இருந்தா கிரேன் அடி வரைக்கும் நடந்து பாருங்க. எப்பவும் போல போயிட்டீங்கன்னா, நான் வாயைத் திறக்கலை."

"இதென்ன பெரிய விஷயம்!" என்று இன்ஜினீயர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். ஷெட்டின் மூலை வரைக்கும் மாப்பிள்ளை மிடுக்குதான். மூலையைத் தாண்டினாரோ இல்லையோ, காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. குனிந்தார். பக்கவாட்டில் திரும்பினார். ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் வந்தார். வேலியோர மரத்திலிருந்து ஒரு கொப்பு படக்கென்று முறிந்து அவர் காலடியில் விழுந்தது. கம்பிக் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

அங்கேயிருந்து திரும்பி வந்தபோது காற்றே அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. மூச்சு வாங்குவதற்குள் போன் அடித்தது. பெரிய மேனேஜர்.

"இல்ல சார், கண்ணாடி ஏறலை. கேல் அடிக்குது." இன்ஜினீயர் தொண்டையைச் செருமினார். "புயல் இல்ல சார், அது வேற, கேல் வேற. எதிர்த்து நடக்க முடியலைன்னா கேல். கப்பல்காரங்க கணக்கு சார்!"

பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் மாதிரி அளந்துவிட்டார். போகட்டும், பாவம் என்று விட்டாள் அவள்.

"யாரா? ஆபரேட்டர் மேடம்தான் நிறுத்தினாங்க. சரியாத்தான் நிறுத்தினாங்க சார். மீட்டரையும் உடனே மாத்தணும்."

அவ்வளவுதான், விசில் பறந்தது! மேல்மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த எட்டுப் பேரும் கைதட்டினார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் அவள் புருஷன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இன்ஜினீயர் போனைப் பையில் போட்டுவிட்டு, தலைமுடியை ஒதுக்கியபடி கிட்டே வந்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு ஏறுவீங்க மேடம்?"

"நான் சொல்றப்ப சார்" என்றாள் உச்சியக்கா.