நூல் அறைக் கேமரா

ஜெயசிங்கின் தறிக்கூடத்தில் இதுவரை எதுவும் களவு போனதில்லை. அதுதான் அவருக்கு உறுத்தலாக இருந்தது. சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வதற்கு ஒரு களவுக் கதை இருந்தது. ஒருவருக்கு நூல் பெட்டி போயிருக்கும், இன்னொருவருக்கு மோட்டார் போயிருக்கும். தனக்கு மட்டும் ஒன்றும் போகவில்லை என்றால், போவது கண்ணில் படவில்லை என்றுதானே பொருள்? இப்படி யோசித்து யோசித்துத்தான் அவர் கேமரா வைக்கிற முடிவுக்கு வந்தார்.

ராஜபாளையம் சாலையில் கேமராவும் நெட்வொர்க்கும் போட்டுக்கொடுக்கிற கடை வைத்திருந்த டெபோரா வந்து இடத்தைப் பார்த்தாள். ஆறு கேமரா போதும் என்றாள். ஐந்து முன்பக்கம். ஆறாவது, கூடத்தின் கடைக்கோடியில் இருந்த நூல் அறைக்கு. ரெக்கார்டர் இருக்கிற அலுவலக அறையிலிருந்து சுவரைச் சுற்றி அங்கே வயர் போவதற்கு எண்பது மீட்டருக்கு மேல் வரும். படம், கேமராவுக்கு வேண்டிய மின்சாரம் இரண்டுமே அந்த ஒரே வயரில்தான் போகும் என்பதால் சுத்தமான செம்புக் கம்பி உள்ள கேபிள்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தபோது ஜெயசிங் ஒரு பெட்டியைக் காட்டினார். மதுரையில் பாதி விலைக்கு வாங்கி வந்தது. டெபோரா பெட்டியைத் திருப்பி, ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள்.

"இது அலுமினியம், அண்ணாச்சி. மேல மட்டும் செம்பு பூசியிருக்கு."

"படம் போனா போதும்லா? இதுல என்ன, தண்ணியா பாய்ச்சப் போறோம்?"

"படம் போயிரும். கரண்டுதான் போய்ச் சேராது. பக்கத்துல இருக்கிற கேமராவுக்கு எப்படியோ ஒப்பேத்திரலாம். நூல் ரூம் வரைக்கும் இதை இழுத்துட்டு, பொறவு நான் பதில் சொல்ல முடியாது."

"அப்ப நீ போட வேண்டாம், மக்கா."

அவள் கோபப்படவில்லை. ஏணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் வந்து ஒரே நாளில் ஆறு கேமராவையும் மாட்டிக்கொடுத்தார். கைப்பேசியில் ஆறு கட்டமும் பளிச்சென்று தெரிந்தன. ஜெயசிங் அந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது ஆறாவது கட்டம் கறுப்பாக இருந்தது. காலையில் பார்த்தால் சரியாகியிருந்தது. மறுநாளும் அப்படியே. பொழுது சாய்கிற நேரத்துக்கு நூல் அறை இருண்டுவிடும். விடிந்ததும் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வரும். மற்ற ஐந்துக்கும் ஒரு குறையும் இல்லை.

நூல் அறையை ஒட்டியிருந்த தறிகளை சாயங்கால முறையில் ஓட்டியது முத்துக்கிருஷ்ணன். பனவடலிசத்திரத்துக்காரன். ஏழு வருடமாக அங்கேதான் வேலை. நூல் எடுக்க அந்த அறைக்குள் போய்வருகிறவனும் அவன்தான். ஜெயசிங் ஒரு நாள் நூல் பெட்டிகளை எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தன. அதில் அவருக்கு நிம்மதி வரவில்லை. ஆள் கெட்டிக்காரன் என்றுதான் தோன்றியது.

டெபோராவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளுக்குப் போன் போடுவதை விட ஒரு மனிதனைச் சந்தேகப்படுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

எல்லார் முன்னாலும் கேட்கவேண்டும் என்று அவர் போகவில்லை. தனியாகக் கேட்டு மிரட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். ஆனால் தறிகள் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அவர் முத்துக்கிருஷ்ணனின் தோளுக்குப் பக்கத்தில் நின்று அடித்தொண்டையிலிருந்து கத்தினார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. பன்னிரண்டு தறியும் ஒருசேர நின்றன.

"பொழுது அடைஞ்சா அந்த வயரைப் புடுங்கிட்டு என்னத்தலே களவாங்குத?"

கூடம் முழுக்கக் கேட்டது. ஊடை நூலைக் குச்சிகளில் தார் சுற்றிக்கொண்டிருந்த வள்ளித்தாய் தலையைத் தூக்கிப் பார்த்தாள். முத்துக்கிருஷ்ணன் கையிலிருந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டான். தொட்டிக்குப் போய்க் கை கால் கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டு, அவரைப் பார்க்காமல் வெளியே போனான். கரண்டு வந்தது. அவன் வரவில்லை.

அன்றைக்கு சாயங்காலம் ஆறாவது கட்டம் வழக்கம்போல் கறுத்தது.

ஜெயசிங் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் கறுத்தது. அந்தத் தறிகளை இப்போது பார்த்துக்கொள்கிற ஆளைப் பற்றி அவர் யோசிக்கத் தொடங்கியபோது அவர் மனைவி ஞானபாக்கியம் சொன்னாள்:

"இவனையும் வெரட்டிருங்க. பொறவு வள்ளித்தாயை. கடைசியில நீங்களும் கேமராவும் இருந்து தறி ஓட்டுங்க."

"நீ சும்மா இரு, பாக்கியம்."

"அந்தக் கேமராக் கடைப் பிள்ளைக்குப் போன் போடுதீயளா, நான் போடட்டா?"

அவரே போட்டார்.

டெபோரா மத்தியானம் வந்தாள். முதலில் ரெக்கார்டரில் பழைய பதிவுகளைத் தள்ளிப் பார்த்தாள். நூல் அறைப் படம் மாலையில் அறுந்து அறுந்து வந்து, பிறகு ஒரேயடியாக இல்லாமல் போனது. மழை மூட்டமாக இருந்த ஒரு நாளில் நாலு மணிக்கே போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமை தறி ஓடுமா, அண்ணாச்சி?"

"இல்ல. பூட்டிச் சாவி என் வீட்டுல இருக்கும்."

"ஞாயித்துக்கிழமையும் போயிருக்கு. பாருங்க."

அவர் பார்த்தார். இரண்டு ஞாயிறு, மூன்று ஞாயிறு. தான் கோயிலுக்குப் போய்வந்து, கறிச்சோறு தின்று தூங்கிய நாட்கள் அவை. ஒரு தடவையாவது அந்தக் கிழமையில் கைப்பேசியைத் திறந்து பார்த்திருக்கலாம்.

அவள் வயரின் இரு முனையிலும் டெஸ்டரை மாட்டினாள். ஒன்றிலிருந்து எட்டு வரை பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. எந்த இழையும் அறுபடவில்லை, முனையில் நிறங்களும் இடம் மாறவில்லை, யாரும் பிடுங்கிச் செருகியதற்கான அடையாளமும் இல்லை. பிறகு நூல் அறைக் கேமராவைக் கழற்றிக்கொண்டு வந்து, அலுவலக அறையிலேயே ஒரு முழ நீள வயரில் இணைத்தாள். கேமராவின் முகத்தைக் கையால் பொத்தினாள். உள்ளே சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் எரிந்தன. படம் கறுப்பு வெள்ளையாக மாறியது, ஆனால் போகவில்லை.

அதே கேமராவைத் திரும்ப நூல் அறையில் மாட்டிவிட்டு, அவள் ஏணியிலிருந்து இறங்கினாள்.

"இப்ப நீங்க ஏறிப் பொத்துங்க, அண்ணாச்சி."

ஜெயசிங் ஏறினார். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். சிவப்புப் பொட்டுகள் மினுங்கின, அணைந்தன. கீழே அவள் பிடித்திருந்த கைப்பேசியில் ஆறாவது கட்டம் கறுத்தது.

"இருட்டினா கேமரா தானா உள்ள லைட்டைப் போடும். அதுக்குக் கூடுதலா கரண்டு வேணும். அவ்வளவு கரண்டு இந்த வயர்ல இம்புட்டுத் தூரம் வந்து சேரல. அதனால கேமரா விழுந்திருது. விழுந்ததும் லைட்டும் அணைஞ்சிரும். திரும்ப எந்திரிக்கும், திரும்ப லைட்டைப் போடும், திரும்ப விழும். விடியுத வரைக்கும் இதே பாடுதான்."

அவள் வயரின் முனையில் மிஞ்சியிருந்த ஒரு துண்டை வெட்டி, கத்தியால் சுரண்டி அவர் கையில் கொடுத்தாள். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாக இருந்தது. 'அன்னைக்கே சொன்னேன்லா' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கோபப்பட ஒரு வழி கிடைத்திருக்கும்.

முதலில் அவருக்கு நிம்மதிதான் வந்தது. களவு இல்லை. ஏணியிலிருந்து இறங்கி, வேட்டியை உதறிக் கட்டின பிறகுதான் முத்துக்கிருஷ்ணன் ஞாபகம் வந்தது.

"புது வயர் எப்பம் போடலாம்?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமையே. செம்புதான் போடுவேன்."

"போடு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே பனவடலிசத்திரத்துக்கு வண்டியை விட்டார். முத்துக்கிருஷ்ணன் வீட்டு வாசலில் ஆட்டுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டான். மனைவியைக் கூப்பிட்டுக் கலர் வாங்கி வரச் சொன்னான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வேறொரு தறிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதாகக் கேட்காமலேயே சொன்னான்.

ஜெயசிங் கலர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி ஆட்டைப் பார்த்துச் சொன்னார்: "கோளாறு வயர்லதாம்லே. ஒம்மேல தப்பு இல்ல."

"அது எனக்குத் தெரியுமே, அண்ணாச்சி."

"இல்ல, நான் சொல்லுதது என்னன்னா…"

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய? நான் எடுக்கலேன்னு எனக்குத் தெரியும், எங்க வீட்டுக்குத் தெரியும். தெரியாத ஆளுக அங்கனதான் இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லுங்க."

"சொன்னா வருவியா?"

"மொதல்ல சொல்லுங்க."

திரும்பி வரும்போது வண்டியில் அவருக்குச் சற்றுக் கோபமாகத்தான் இருந்தது. முதலாளி இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்று நினைத்தார். ஊர் எல்லை வருவதற்குள் கோபம் ஆறிவிட்டது. அவன் கேட்டதில் கூடுதலாக ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூடத்தின் நடுவில் போய் நின்று பேசினார். கேமரா கெட்டதற்கு வயர்தான் காரணம், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம் என்றார். இரைச்சலில் அது அவர் காதிலேயே விழவில்லை.

"என்ன சொல்லுதீய? ஒண்ணும் கேக்கல, அண்ணாச்சி," என்று வள்ளித்தாய் கத்தினாள்.

அவர் அப்படியே போய்விடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். தறிகள் நின்றன. எல்லாரும் திரும்பினார்கள்.

"முத்துக்கிருஷ்ணன் எதையும் தொடல. நான் வாங்குன வயரு சொத்தை. நல்லதைப் போடச் சொன்ன பேச்சை நான் கேக்கல. அவனை அப்படிக் கேட்டது என் தப்பு." நிறுத்தினார். "அவ்வளவுதான்."

சுவிட்சைத் தூக்கிவிட்டு அலுவலக அறைக்குள் போனார். டெபோரா அங்கே புது வயரின் முனையில் கனெக்டரை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

முத்துக்கிருஷ்ணன் திரும்பி வேலைக்கு வரவில்லை. சேர்ந்த இடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டதாக வள்ளித்தாய் மூலம் சொல்லியனுப்பினான். அவன் தறிகளுக்கு இளையரசனேந்தல் ஆள் ஒருவரைப் போட்டார்கள். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு பக்கம் எதிரே வந்த முத்துக்கிருஷ்ணன் நின்று, ஜெயசிங்கிடம் சுகம் விசாரித்துவிட்டுப் போனான். ஜெயசிங் அன்றைக்கு வீட்டில் அதை இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த மாதம் ஒரு காலையில் தறிக்கூட வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பொன்செல்வி என்று பேர் சொன்னாள்.

"முத்துக்கிருஷ்ணன் அத்தான் அனுப்புனாவ. எங்க அக்கா வீட்டுக்காரவ. தார் சுத்த இங்கன ஆள் வேணுமாமே."

ஜெயசிங்குக்குத் தார் சுற்ற ஆள் வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் ஊரில் பாதித் தறிக்கூடங்களில் அதே தேவை இருந்தது.

"இங்கன போன்னு சொல்லித்தான் அனுப்புனானா?"

"ஆமா. மொதலாளி சத்தம் போடுவாவ, நீ பயப்படாதன்னு சொன்னாவ."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"சரி. உள்ள வள்ளித்தாய்னு ஒரு ஆள் இருப்பா. போய்க் கேளு, அவ காட்டித் தருவா," என்று அவர் வழிவிட்டு நின்றார்.