அடைக்கக் கூடாத மூன்று ஓட்டைகள்

"கொடுக்கா, நான் பார்க்கிறேன். எப்படிப் பார்த்தாலும் இது குழாய்தானே?"

"ஊதுற கார்னெட்டுடா இது! உன் மொட்டைமாடித் தொட்டியா?"

தம்பி விடவில்லை. முப்பது வருஷமாக பிளம்பர் வேலை; எதைக் கண்டாலும் ஸ்பேனரைத் தேடும் கை. அக்காவுக்கும் வேறு வழியில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு பேண்டு மாஸ்டர் இரண்டு பேரை வாசிக்கச் சொல்லி, ஒருவருக்குக் கச்சேரியில் தனி வாசிப்பைக் கொடுக்கப் போகிறார். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அக்காவின் பெயர் அடிபடுகிறது. இந்த நேரம் பார்த்து, பழைய சாமான் கடையில் வாங்கிய கார்னெட்டின், விரலால் அழுத்தும் வால்வுகள் சண்டித்தனம் செய்தன.

பிரித்துப் பரப்பியதும் தம்பி குனிந்து உற்றுப் பார்த்தார். பித்தளைத் தகட்டைச் சுருட்டி, விளிம்போடு விளிம்பைப் பல்லுப்பல்லாகக் கோத்து, தட்டித் தட்டியே பூ மாதிரி வாயை விரித்திருந்தான் யாரோ ஒரு புண்ணியவான். நீட்டினால் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும் குழாய் சுருண்டு மடியில் அடங்கியது. எந்த வளைவிலும் ஒரு சுருக்கம் இல்லை. தான் போட்ட வளைவுகளை நினைத்துக்கொண்டார். கோணலாகப் போனபோதெல்லாம் சுவரைத்தான் குறை சொல்லியிருக்கிறார்.

வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன்களில் அழுக்கு அப்பியிருந்தது; துடைத்து எண்ணெய் விட்டார். பிறகு அந்தப் புண்ணியவானின் குறையையும் கண்டுபிடித்தார். வால்வுகளின் அடிமூடி மூன்றிலும் நட்டநடுவே ஓட்டை! எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. "கசியாம என்ன பண்ணும்?" என்று ஈயத்தை உருக்கி மூன்றையும் அடைத்து, மெருகேற்றி, தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஒத்திகைக் கூடத்து வாசலில் அக்கா வால்வை அழுத்தினாள். பாதி வழியில் நின்று, மெத்தையில் விழுந்தது போல மேலே வந்தது. உள்ளே இன்னொருவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"கசிவை அடைச்சேன்க்கா."

"எந்தக் கசிவை?"

மூடியைக் காட்டினார். காட்டும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. பிஸ்டன் கீழே இறங்கினால் அடியில் இருக்கும் காற்று எந்த வழியாகப் போகும்? ஊரில் பாதி வீட்டுக்குப் போய், "குழாயில காத்து அடைச்சிருக்கு, ஏர் லாக்குங்க, உங்களுக்கு எப்படிப் புரியும்?" என்று அலட்டிக்கொண்ட ஆள் அவர்.

"மூடியே வேணாம்க்கா, சும்மா ஊது" என்று ஒன்றைக் கழற்றினார். ஸ்பிரிங் துள்ளிச் செருப்பு அடுக்கில் விழுந்தது. பின்னாலேயே பிஸ்டனும் கீழே சரிந்து தொங்கியது.

"அடப்பாவி!"

உள்ளே வாசிப்பு முடிந்து கைதட்டல் கேட்டது. அடுத்து அக்காவின் முறை. தம்பி தன் கருவிப் பையிலிருந்த கை டிரில்லை எடுத்து, படியில் குந்தி, மூன்று மூடிகளையும் துளைத்தார். மூன்றாவது ஓட்டை ஓரமாகப் போய்விட்டது. குறை சொல்ல அங்கே சுவரும் இல்லை.

மாட்டியதும் அக்கா உள்ளே ஓடினாள். வால்வுகள் இறங்கின, ஏறின. தம்பி கதவோரம் நின்று கேட்டார். அக்கா ஒரு நொடி நிறுத்தினாள். முடிந்துவிட்டது என்று அவர் படபடவெனக் கைதட்டினார். கூடமே திரும்பிப் பார்த்தது. அக்கா அசையாமல் மூச்சிழுத்து, மீதிப் பாதியையும் வாசித்து முடித்தாள்.

"யாரும்மா அது?" என்றார் மாஸ்டர்.

"எங்க பிளம்பர், சார்."

"தனி வாசிப்பு உங்களுக்குத்தான். ஆனா கச்சேரி அன்னைக்கு அவரைக் கூட்டிட்டு வராதீங்க."

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முந்திக்கொண்டு தலையாட்டியது தம்பிதான்.