குடியிருப்பதுபோல் ஒரு வேலை

வெங்கிடேஸ்வரனைத் தரகர் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. கொச்சியில் யூதர்களின் பழைய தெருவான ஜூ டவுனில், பழம்பொருள் கடை ஒன்றின் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறையில் அவருடைய 'ராஜமுத்ரா ஹெரிடேஜ் எஸ்டேட்ஸ்' இயங்கிவந்தது. நாங்கள் கட்டடம் விற்பதில்லை, சரித்திரத்தைக் கைமாற்றுகிறோம் என்பார். சரித்திரம் குறைவாக இருக்கும் கட்டடங்களுக்கு அவரே கொஞ்சம் சேர்த்தும் கொடுப்பார்.

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு பழைய சுக்குக் கிடங்கு அவரிடம் வந்தது. கிடங்குக்காரர் இறந்துபோக, துபாயில் இருந்த பிள்ளைகள் விற்றுவிடச் சொன்னார்கள். சரித்திரத்துக்கு இடைஞ்சலாகப் பின்பக்கத்தில் ஒரு குடும்பம் இருந்தது. கார்ப்பரேஷனில் தெருக்கூட்டும் காளியம்மையும், அரிசி மூட்டை இறக்கும் அவள் புருஷன் சுடலைமுத்துவும் கல்யாணமான நாளிலிருந்து அங்கே வாடகைக்கு இருந்தார்கள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்த காளியம்மை, வாசலில் புதுப் பலகை ஒன்றைக் கண்டாள். மலையாளத்தில் எழுத்துக்கூட்டாமலே படித்தாள். டச்சுக்காரர்கள் காலத்திலிருந்து ஒரே குடும்பம் இங்கே வழிவழியாக வாழ்ந்து சுக்கு தரம் பிரித்து வருகிறதாம்.

"எந்தா சாரே இது? எங்க தாத்தா திருநெல்வேலியிலேருந்து தெருக் கூட்டல்லா வந்தாரு?"

"அதெல்லாம் விலை போகாதாக்கும்" என்றார் வெங்கிடேஸ்வரன். "கேட்டுக்கோ. ஆலுவாவில உங்களுக்கு ஒரு ரூம் பார்த்து வெச்சிருக்கேன். காலம்பற பஸ் ஏறி வந்தா போறும். இந்தக் கிடங்கு ஹோட்டலாகப் போறது, அதில வேலை. இங்க உக்காந்து சுக்கு பொறுக்கணம், அடுப்பு மூட்டணம், துணி காயப்போடணம். வெள்ளைக்காரா பார்ப்பா."

"ஆரு வீட்டுல?"

"இதே வீட்டிலதான்."

"என் வீட்ட விட்டு எறக்கிட்டு, இங்க குடியிருக்கமாரி நடிக்கச் சொல்லுதீரா?"

"நடிப்புன்னு சொல்லப்படாது. அனுபவம்."

"சம்பளம் உண்டுல்லா?" என்று கேட்ட சுடலைமுத்து, பொண்டாட்டி பார்த்த பார்வையில் பீடி வாங்கப் போய்விட்டான்.

ஹோட்டலுக்காகக் கிடங்கை வாங்க வந்த ஸாதனா பாலக்காட்டுக் குடும்பம், மும்பையில் வளர்ந்தவள். கைத்தறிப் புடவையில் வந்து இறங்கி, கிடங்குச் சுவரைத் தடவிக் கண் மூடி நின்றாள். அந்தப் பக்கத்தில் போன வாரம்தான் சிமென்ட் பூசியிருந்தார்கள். வெங்கிடேஸ்வரன் பலகையைக் காட்டி உருகினார். அவர் கொடுத்தனுப்பிய ஜரிகைக் கரை வைத்த கசவு முண்டு வேண்டாமென்று திண்ணமாய்ச் சொல்லிவிட்டு, காளியம்மை கார்ப்பரேஷன் கோட்டோடு கதவருகில் நின்றாள்.

"நீங்கதான் அந்தக் குடும்பமா?" ஸாதனாவின் குரல் தழுதழுத்தது.

"அப்பிடித்தான் எழுதிப் போட்டிருக்காவ. அவ்வளவு காலம் இருக்கவங்கள ஆலுவாக்குப் போவச் சொன்னது நீங்களாம்மா?"

ஸாதனா திரும்பினாள். "காலி இடம்னு சொன்னேளே?"

வெங்கிடேஸ்வரனுக்கு வேர்த்தது. பலகை நிஜமென்றால் ஆள் குடியிருக்கிறது. பொய்யென்றால் விலை இறங்கிவிடும். "மேடம், பலகை மொத்தத்தில ஒரு உணர்வுக்காக்கும். இவா குடியிருக்கான்னெல்லாம் சொல்ல முடியாது. சும்மா வந்து போயிண்டிருக்கா."

"வந்து போறேனா?" காளியம்மையின் சத்தத்தில் பஜாரில் ஒரு கைவண்டி நின்றது. "ரெண்டு பிள்ளைய இந்தத் தரையில பெத்தேன் வேய்! வெள்ளம் ஏறுனப்ப பிள்ளையள மூட்டைக்கு மேல ஒக்காத்தி வச்சிட்டு விடிய விடிய எறச்சேன். அப்ப எங்க போயிருந்துது உம்ம உணர்வு? சுவத்துக்கு வயசு சொல்ல நான் வேணும், ராத்திரி படுக்க மட்டும் ஆலுவாயா? வாயில வருதத சொன்னா உம்ம மேடம் காதப் பொத்திக்கிடும்!"

ஸாதனா காதைப் பொத்தவில்லை. ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "எனக்குச் சண்டையெல்லாம் ஆகாது. காலி பண்ணிட்டுக் கூப்பிடுங்கோ" என்றாள். காரில் ஏறும்போது தாழ்ந்த குரலில் சேர்த்தாள்: "ஆனா அந்த அம்மாவை விட்டுடாதேங்கோ. அந்தக் கோபம் இருக்கே, ரொம்ப ஒரிஜினல்."

கார் திரும்பியதும் வெங்கிடேஸ்வரன் பின்பக்கம் ஓடினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"காளியம்மை, கேட்டியா? மேடத்துக்கு உன்னை நன்னாப் பிடிச்சுடுத்து! சம்பளம் கூடக் கேட்கலாம்!"

"உள்ள ஆளு குடியிருக்கு சாரே" என்று குரல் வந்தது. "தட்டிட்டு வெளிய நில்லும். தொறக்கணும்னு எனக்குத் தோணட்டும்."

அந்தக் கதவை அவர் அதுவரை தட்டியதே இல்லை, தள்ளித்தான் பழக்கம். நாலு பக்கமும் பார்த்தார். பஜாரே பார்த்துக்கொண்டிருந்தது.

தட்டினார்.

உள்ளே குக்கர் விசில் அடித்தது. யாரும் எழுந்து வரவில்லை.