கூப்பிடு தூரத்துக்கு ஒரு விமானம்

என் அக்கா வீட்டுக்காரர் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்கள் முகத்துக்கு நேரே ‘ஐயா’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘தராசு’ என்பார்கள். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான், அத்தான் அல்ல. வீட்டுக்குப் பால் வந்தால் பாலையும், விருந்தாளி வந்தால் அவர் பேச்சையும் அளந்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

மகள் பல் டாக்டர். கூடப் படித்த ஒருவனைக் கட்டிக்கொள்வதென்று முடிவெடுத்துவிட்டாள். பையனிடம் குறை சொல்ல ஒன்றும் அகப்படாததால் அத்தான் அவன் ஊரைப் பிடித்துக்கொண்டார்.

“பொண்ணைக் கூப்பிடு தூரத்துலதான் குடுப்பேன்.”

விமானத்தில் ஒரே மணி நேரம், நீங்கள் கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் வந்து நிற்பேன் என்றாள் அவள். அது விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் உள்ள கணக்கு, நான் என்ன ஓடுபாதையிலா குடியிருக்கிறேன் என்றார் இவர். கடைசியில் வாசலிலிருந்து வாசலுக்கு அவரே போய் அளப்பதென்று முடிவாயிற்று. காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் பையன் வீட்டை அடைந்தால் கல்யாணம். இல்லையென்றால் பேச்சே கிடையாது. சாட்சிக்கு மச்சான் நான். வழியில் அப்பாவை வாய் திறக்க விடாதீர்கள் மாமா என்று அவள் என் காதோடு சொல்லி அனுப்பினாள். வெள்ளத்தைக்கூட அணை கட்டி நிறுத்தலாம்.

விமான நிலையத்தில் பையை எடை மேடையில் வைத்ததுதான் தாமதம், அத்தான் குனிந்து அந்த மெஷினில் ஆய்வு முத்திரையைத் தேடினார். இந்த வருஷத்து முத்திரை எங்கே என்று கேட்டார். கவுண்டரில் இருந்த பெண், உள்நாட்டுப் பயணத்துக்கு முத்திரையெல்லாம் வேண்டாம் சார் என்றாள். அவ்வளவுதான். அளவைச் சட்டம் பிரிவு பிரிவாக இறங்கியது. மேற்பார்வையாளர் வந்தார், காவலர் வந்தார். மெஷினைச் சோதிக்க அத்தானே அதன்மேல் ஏறி நின்றார். பின்வரிசைக்காரர்கள் எங்கள் வம்சத்தையே விசாரித்தார்கள். ஒருவழியாக மெஷினின் முதுகில் முத்திரை அகப்பட்டது. இந்த வருஷத்ததுதான். அதை அவர் தடவிப் பார்த்து “சரியாத்தான் இருக்கு” என்று நற்சான்று வழங்கியபோது, எங்கள் விமானம் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

அடுத்த விமானம் பிடித்துப் பையன் வீட்டு வாசலுக்கு வந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. அத்தான் கேட்டைத் தொடவில்லை. மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“பொழுது சாஞ்சிருச்சும்மா. இது கூப்பிடு தூரம் இல்ல. நாங்க இப்படியே திரும்புறோம்.”

நடந்ததையெல்லாம் நான் ஏற்கெனவே அவளிடம் ஒப்பித்திருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்டாள்.

“அப்பா, எண்ணெய் நிறுத்தா டப்பா எடையைக் கழிக்கணும்ல?”

“பின்ன? கழிக்காதவன் மேல கேஸே போட்டிருக்கேன்.”

“அப்ப இந்தப் பயணத்துலயும் டப்பாவைக் கழிங்க.”

“இதுல எது டப்பா?”

“நீங்கதான்பா.”

அத்தான் என்னைப் பார்த்தார். எனக்குத் திடீரென்று பக்கத்து வீட்டு மதில்சுவர் மிகவும் பிடித்துப்போயிற்று. சர்வீஸ் முழுக்க ஒரு தராசிலும் விரல் வைத்து அழுத்தாத மனிதர். உதடு அசைய அசையக் கணக்குப் போட்டார். தன்னைக் கழித்தார். கழித்துப் பார்த்தால், சாப்பாட்டுக்கு இலை போடுவதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறோம்.

“நிகர அளவு சரியா வருது,” என்றார், தீர்ப்பு வாசிக்கிற தோரணையில். “உங்கம்மாகிட்ட நாள் பாக்கச் சொல்லு.”

அக்கா அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“பாக்குறேன். ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் இவளைப் பாக்க நான் தனியாத்தான் போவேன். எனக்கு ஒரு மணி நேரம் போதும்.”

அத்தான் அவசரமாகப் போனை அணைத்துவிட்டுக் கேட்டைத் தள்ளினார்.