விழுது தின்ற ஆடு

பொன்னப்பனுக்குக் கோபம் வந்தால் குன்னத்துகால் முக்கு வரைக்கும் கேட்கும். அந்த மாதம் முழுக்க அவருக்குக் கோபம்தான்.

காரணம் ஆலமரம். பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில் எங்கிருந்தோ ஒரு கிளைப் போத்து வெட்டிக் கொண்டுவந்து, வேலியோரம் நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தது. "பெத்த பிள்ளைக்குக்கூட இந்த மனுசன் இப்பிடி பாடுபடல்ல" என்று மனைவி அம்மிணி இன்றைக்கும் குத்திக் காட்டுவாள். அதன் பெரிய கிளை இப்போது ரோட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கிறது. அடியில் ஸ்கூல் வேன் போகிறது. மழை தொடங்குமுன் கிளையை வெட்டியாக வேண்டும் என்று பஞ்சாயத்து மெம்பர் சிஜி வந்து சொன்னபோது பொன்னப்பன் விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடினார். வேலிக்கு உள்ளே தொங்கும் விழுதை மண்ணில் இறக்கிவிட்டால் அது தூணாகத் தடித்துக் கிளையைத் தாங்கும், அதுவரை முட்டுக் கொடுத்து நிறுத்திக்கொள்கிறேன் என்றார்.

"செரி, மழைக்கு முந்தி விழுது மண்ணத் தொட்டிருக்கணும்" என்று மெம்பர் இறங்கி வந்தாள்.

அன்றிலிருந்து விழுதுக்கு ராஜ உபசாரம். ஈரச்சாக்கு சுற்றினார், சாணி கரைத்து ஊற்றினார், மூங்கில் குழாய் நட்டு உள்ளே மண் நிரப்பி வழி செய்து வைத்தார். நுனி பொன்னிறமாக நீண்டு வரும். மூங்கிலின் வாயை எட்டப்போகிற நேரம் பார்த்துக் காணாமல் போகும். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப.

"எலே குட்டி! ஒன் ஆடு இதையும் தின்னாச்சு!"

எதிர்வீட்டுக் கிருஷ்ணன்குட்டி ஓடி வந்து பார்த்தான். "அண்ணே, இது நறுக்குனது மாதிரியில்லா இருக்கு? என் மாளு கத்தியா வச்சிருக்கு?"

"ஆலிலயக் கண்டா ஒன் ஆடு விடுமாலே?"

"இல திங்கும். இல்லேண்ணு நான் சொல்லல்ல."

பொன்னப்பன் கேட்பாரா? டீக்கடையில் எல்லார் முன்னாலும் ஆட்டைத் திருடி என்றார், வளர்க்கிறவனும் திருடன்தான் என்றார். கிருஷ்ணன்குட்டி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அத்தோடு பேச்சு நின்றது. பொன்னப்பனுக்கு அப்போது இருந்த ஒரே ஆறுதல் அவருடைய தலை. அம்மிணி காய்ச்சித் தரும் எண்ணெயில் வழுக்கையின் ஓரம் மெல்ல முடி அரும்பியிருந்தது. அதையும் டீக்கடையில் குனிந்து காட்டிப் பெருமை அடித்தாயிற்று.

போன ஞாயிறு ஆட்டுக்கூடு காலியாகக் கிடந்தது. மாளுவை விற்றுவிட்டானாம். அப்பாடா, தொல்லை விட்டது என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கள் காலை மரத்தடிக்குப் போனார். நுனி இல்லை.

பொன்னப்பன் மூங்கிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆடு இல்லாத ஊரில் எந்த ஆடு வந்து தின்றது? அம்மிணியிடம் சொல்ல அடுக்களைக்குள் பாய்ந்தார். அடுப்பில் உருளி. தேங்காய் எண்ணெய் கொதிக்கிறது. அதற்குள் துண்டு துண்டாக, பொன்னிறமாக...

"என்னதுட்டி இது?"

"ஆலம்விழுதாக்கும். முடிக்கு நல்லதுண்ணு நம்ம மவ ஷீஜா போனுல வீடியோ அனுப்பினால்லா? நுனியத்தான் நறுக்கணுமாம். முருங்க மாதிரி கிள்ளக் கிள்ள வளரும், இல்லியா?"

"நான் குட்டிகிட்ட சண்ட போட்டது ஒனக்குக் கேக்கல்லியா?"

"ஆடு இலயத் தின்னதுக்காக்கும் சண்டையிண்ணு நெனச்சேன். விழுத வச்சு என்ன செய்யுதியண்ணு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியளா?"

சொல்லவில்லைதான். பொன்னப்பனின் கை தானாகத் தலைக்குப் போனது. விரல்கள் வழுக்கின. என் பகவானே! ஊரெல்லாம் திருடனைத் தேடினேனே, திருட்டு முழுக்க என் மண்டையில் அல்லவா இருந்திருக்கிறது!

கெடு முடிந்துவிட்டது; வெளியே ஜீப் வந்து நின்றது. மெம்பர் சிஜி, கூடவே வடமும் ரம்பமுமாக மரம் வெட்டும் ஆட்கள். பொன்னப்பன் ஓடினார். அவருக்கு முன்னே மரத்தடியில் கிருஷ்ணன்குட்டி கைகளை விரித்து மறித்து நின்றான்.

"மெம்பரே, வெட்டப்பிடாது. விழுதத் தின்னது என் ஆடாக்கும், தப்பு எனக்க மேல. ஆட்ட வித்தாச்சு. இனி விழுது எறங்கும். அண்ணன் பிள்ளையப்போல வளத்த மரமாக்கும், கொஞ்சம் பொறுங்க."

பொன்னப்பன் பாதி வழியில் நின்றுவிட்டார். நறுக்கின வெட்டை முதலில் காட்டியவனே இவன்தான். தெரிந்தே பழியைச் சுமக்கிறான் பாவி.

"ஆடு இல்ல மெம்பரே" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. தலையைக் குனிந்து காட்டினார். "இஞ்ச பாருங்க. எல்லாம் எனக்க தலையிலயாக்கும் தேச்சிருக்கு. நான்தான் திருடன்."

ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். மெம்பர் அவர் தலையையும் விழுதையும் மாறி மாறிப் பார்த்தாள். "இண்ணைக்கே முட்டுக் கொடுங்க. ஒரு மழைக்காலம் பொறுக்கேன். இனி ஒரு நுனி போச்சுண்ணா கிளை இருக்காது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

கிளை பிழைத்துவிட்டது. பொன்னப்பன் கிருஷ்ணன்குட்டியின் கையைப் பிடித்தார்.

"மக்கா, ஆட்ட ஆருக்கு வித்த? சொல்லு, இப்பவே போய் திருப்பி வாங்கிட்டு வாறேன்."

கிருஷ்ணன்குட்டி கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"திருட்டு ஆட்ட ஆரு அண்ணே வளக்க வாங்குவா? எறச்சிக் கடைக்காக்கும் குடுத்தேன்."